மூத்தவளுக்கு ஒரு ஜோடி

ஜூன் 3, திங்கள்

இரண்டாவதாக ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது என்று முடிவு செய்தாயிற்று. காலையில் கோதையிடம் சொன்னேன். "அறுபத்தாறு வயசுல ரெண்டாந்தாரமுங்களா" என்று கேட்டுவிட்டு தோசையைத் திருப்பப் போய்விட்டாள். திரும்பி வந்து, மூத்தவள் என்ன குற்றம் செய்தாள் என்று இன்னொரு கேள்வி.

மூத்தவள் என்றால் எங்கள் எம்.ஜி. 1951ஆம் வருடத்து வண்டி, பச்சை நிறம், இரண்டே இருக்கை. குன்னூரில் ஒரு எஸ்டேட் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்ததை 2001இல் வாங்கி வந்து, மெக்கானிக் பாயும் நானும் பதினான்கு மாதம் பாடுபட்டு ஓட வைத்தோம். கியர் பெட்டியில் தேய்ந்துபோயிருந்த இரண்டு பல்சக்கரங்களை கோவை கணபதியில் என் பட்டறையிலேயே வெட்டினேன். நாற்பது வருடம் ஊருக்கெல்லாம் கியர் வெட்டியவன் தன் வண்டிக்கு வெட்டிக்கொண்டதில் ஒரு கர்வம் உண்டு. இப்போது பட்டறையை மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமைகளுக்காகக் காத்திருக்கிறவன்.

குற்றம் ஒன்றும் இல்லை, மூத்தவளுக்கு ஒரு ஜோடி வேண்டும், ஒற்றைச் செருப்பை யாராவது விற்பார்களா என்றேன்.

செப்டம்பர் முதல் தேதி பழைய கார் கிளப்பின் குன்னூர் ஓட்டம். கொரோனா வருடங்கள் போக இதுவரை இருபது ஓட்டம், ஒன்றைக்கூட நாங்கள் தவறவிட்டதில்லை. ஸ்டியரிங்கில் நான், என் இடது பக்கம் கோதை, அவள் மடியில் வழிக் குறிப்பு. இந்த வருடம் புது வண்டியில் வருகிறேன் என்று கிளப்பின் வாட்ஸாப்பில் போட்டுவிட்டேன். இனிப் பின்வாங்க முடியாது.

காபி இன்றும் கோப்பையில்தான் வந்தது. டபராவை எங்கே வைத்தாளோ தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கோப்பைக்குக் காது இருக்கிறது, ஒரு கையே போதும்.

ஜூன் 9, ஞாயிறு

மூத்தவளை வெளியே எடுக்கவில்லை. பேட்டரி தகராறு.

உக்கடத்திலிருந்து பாய் வந்தார். பெயர் ரஹமத்துல்லா, ஆனால் அவர் வீட்டு வாசலில் போய்க் கேட்டாலும் பாய் என்றால்தான் தெரியும். ஸ்டார்ட்டரை ஒரு இழுப்பு இழுத்தார், என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. "பேட்டரி நல்லாத்தானுங்ணா இருக்குது" என்று என் முகத்தைப் பார்த்தார். காலையில் ஈரமாக இருந்திருக்கும் என்றேன். எது ஈரம் என்று அவரும் கேட்கவில்லை. ஆறு வாரமாக வண்டி கேட்டைத் தாண்டவில்லை என்பது டயரில் படிந்திருந்த தூசியிலேயே தெரிந்திருக்கும். அவரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்திவிட்டு, தேநீர் குடித்துப் போனார்.

ஜூன் 12, புதன்

வலது கை நகங்களைக் கோதை வெட்டிவிட்டாள். புதுக் கண்ணாடி வந்ததிலிருந்து கிட்டத்தில் சரியாகத் தெரிவதில்லை. இடது கை நகங்களை நானே வெட்டிக்கொண்டேன்.

ஜூன் 15, சனி

திருப்பூருக்குப் பெண் பார்க்கப் போனோம். கோதை அப்படித்தான் சொல்லிக்கொண்டு புறப்பட்டாள், நல்ல சேலையும் கட்டிக்கொண்டாள். மாருதியை இப்போதெல்லாம் அவள்தான் ஓட்டுகிறாள். எனக்கு வெயில் கண்ணைக் கூசுகிறது.

பனியன் ஏற்றுமதி செய்கிற ஒரு இளைஞர் வைத்திருக்கும் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். பெண் பார்க்கிற இடம் போலவே கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. வண்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மூத்தவள் உயரமாக, முகப்பு விளக்குகள் தனியாக, பழைய மனுஷி மாதிரி நிமிர்ந்து நிற்பாள். இவள் தரையோடு படுத்த மாதிரி. ஒன்றுக்கொன்று பொருத்தமான ஜோடிதான். அந்த இளைஞர் சாவியை நீட்டி, ஓட்டிப் பாருங்கள் என்றார்.

சிவப்பு எனக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டேன். வேறு நிறம் அடித்துக்கொள்ளலாமே என்றார். உள்ளே இருப்பது சிவப்புதானே என்றேன். நான் சொன்னது எனக்கே முட்டாள்தனமாகக் கேட்டது.

திரும்பி வரும்போது கோதை அவிநாசி வரை ஹார்ன் அடித்துக்கொண்டே ஓட்டினாள். பிறகு, எங்கள் கல்யாணத்துக்கு நான் எடுத்த சேலை என்ன நிறம் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். சிவப்பு.

ஜூன் 20, வியாழன்

சேலத்தில் ஒரு கார் இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கோதையிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சேலத்தில் கார் எதுவும் இல்லை. இதை இங்கே எழுதலாம், இந்த டைரியை அவள் தொடுவதில்லை.

காந்திபுரத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது கை கொஞ்ச நாளாகச் சோம்பல்படுகிறது, அவ்வளவுதான். தோளுக்குக் கீழே தோலுக்குள் பல்லி ஓடுகிற மாதிரி ஒரு துடிப்பும் இருக்கிறது. நரம்பு டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிட இளையவள். கையில் நாலைந்து இடத்தில் ஊசி குத்தி, மின்சாரம் விட்டு, ஒரு பெட்டியில் சத்தம் கேட்டாள். மழை பெய்யும்போது ரேடியோ கரகரப்பது போல் இருந்தது. என்ஜினைக் காது வைத்துக் கேட்கிற பாயின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்தவுடன் அவர் பேசுவதை நிறுத்திவிடுவார். அந்தப் பெண்ணும் பேசுவதை நிறுத்தினாள்.

சேலத்து வண்டி எப்படி என்று கோதை கேட்டாள். துருப்பிடித்திருக்கிறது என்றேன்.

ஜூன் 23, ஞாயிறு

வேட்டி கட்டுவதை விட்டுவிட்டேன். எலாஸ்டிக் வைத்த பைஜாமா சௌகரியம்.

ஜூன் 30, ஞாயிறு

பெங்களூரில் ஒரு சன்பீம் ஆல்பைன். நீல நிறம். திருப்பூரில் நான் சிவப்பைக் குறை சொன்னதால் கோதை இதை எங்கிருந்தோ தேடிப் பிடித்திருந்தாள். உரிமையாளர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய் வந்தேன். இப்போது நீங்கள் என்றார்.

கியர் தண்டு குட்டையாக இருக்கிறது, என் கைக்கு வாகாக இல்லை என்று சொன்னேன். தண்டு சரியான உயரம்தான்.

ஜூலை 4, வியாழன்

இன்றும் சேலம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

நோயின் பெயரில் மோட்டார் என்று ஒரு வார்த்தை வந்தது. நான் சிரித்துவிட்டேன். கோயமுத்தூர்க்காரன், பிறந்ததிலிருந்து மோட்டாரோடு புழங்குகிறவன், கடைசியில் மோட்டாரே வந்து நிற்கிறது என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. தசையை அசையச் சொல்லி மூளையிலிருந்து உத்தரவு வருகிற நரம்புக்கு அந்தப் பெயராம். அந்த உத்தரவு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிடும். முதலில் ஒரு இடம், பிறகு அடுத்த இடம். மற்றதையும் சொன்னாள். அதை எழுதப் போவதில்லை.

கால் எப்போது என்று மட்டும் கேட்டேன். சொல்ல முடியாது, அந்தத் துடிப்பு காலுக்கு வந்தால் வந்து சொல்லுங்கள் என்றாள். அடுத்த முறை வீட்டிலிருந்து யாரையாவது அழைத்து வரச் சொன்னாள்.

வீட்டில் யாருமில்லை என்று சொல்லிவிட்டேன்.

வரும் வழியில் முருங்கைக்காய் வாங்கினேன். நல்ல பிஞ்சு.

ஜூலை 9, செவ்வாய்

கிடைத்துவிட்டாள்!

கிளப் வாட்ஸாப்பில் ஒருவர் போட்ட படம். புதுச்சேரியில் ஒரு ரெனோ காரவெல், 1964, வெண்ணெய் நிறம், மடக்குகிற கூரை. வைத்திருப்பவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரில் இவர்களை சொல்தா என்பார்கள். பெயர் அமலோற்பவநாதன், சுருக்கமாக அமலோர். கப்பலில் தன்னோடு கொண்டுவந்த வண்டி.

ஏன் இதுதான் சரியான ஜோடி என்று எழுதி வைக்கிறேன். மூத்தவளுக்கு என்ஜின் முன்னால், இவளுக்குப் பின்னால். அவள் இங்கிலாந்து, இவள் பிரான்ஸ். அவள் கரும்பச்சை, இவள் வெளிர் நிறம். அவளிடம் எல்லாம் கோணம், இவளிடம் எல்லாம் வளைவு. ஸ்டியரிங் இடது பக்கம், அதனால் கியர் வலது கைக்கு வரும். அது ஒரு பொருட்டல்ல.

போனில் பேசினேன். ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஷெட்டில் பூட்டி வைக்கிறவருக்குத் தரமாட்டாராம். வாங்குகிறவர் அவர் கண் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். தாராளமாக என்றேன். ஆறு மாதத்தில் நான் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை என்று கோதை சொன்னாள்.

ஜூலை 13, சனி

வரைபடத் தாளில் காரவெல்லின் உள்பக்கத்தை அளவோடு வரைந்தேன். மூன்று பெடல், கியர் தண்டு, கண்ணாடி, விளக்கு சுவிட்ச். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கை, எந்தக் கால் என்று குறித்தேன். கியருக்கு வலது கை. கிளட்சுக்கு இடது கால், அது நன்றாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் டிக்.

பிறகு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, வலது பக்கம் குடையை நிறுத்தி வைத்து, கிளட்ச், ஒன்று, கிளட்ச், இரண்டு என்று பழகினேன். மூன்றாவது போடும்போது கோதை உள்ளே வந்துவிட்டாள். கொசு என்றேன். அவள் குடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 21, ஞாயிறு, புதுச்சேரி

நேற்று மாலை வந்து சேர்ந்தோம். முழு தூரமும் கோதைதான் ஓட்டினாள். எனக்கு இடுப்பு வலி என்று சொல்லியிருந்தேன்.

அமலோர் எழுபத்தெட்டு வயது, விறைப்பான மனிதர், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. வீட்டு முன்வாசலில் வண்டி துடைத்து நின்றது. படத்தில் பார்த்ததைவிட அழகு. கோதையே ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். "சக்களத்தியா இருந்தாலும் லட்சணமாத்தான் இருக்கறா" என்று ஒப்புக்கொண்டாள்.

இடது பக்கம் ஸ்டியரிங்கில் நான். எனக்கு வலது பக்கம் கோதை. கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடத்தில் காரில் அவள் என் வலது பக்கம் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. பின்னால் குழந்தைகளுக்கு என்று வைத்த மாதிரி ஒரு குட்டி இருக்கை, அதில் அமலோர் காலை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது கையைத் தூக்கி ஸ்டியரிங்கின் மேல் வைத்தேன். மற்றவர்கள் பார்வைக்கு அது அங்கே இருக்க வேண்டும்.

கிளட்சை மிதித்து ஒன்று போட்டேன். வழுக்கிக்கொண்டு விழுந்தது. இரண்டு. தெரு நேராக இருந்தது. மூன்று. ஏப்ரலுக்குப் பிறகு என் கை ஒரு கியரைப் போட்டது. கண் கலங்கிவிட்டது, காற்று என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுதித்தான் ஆகவேண்டும்.

தெருக்கோடியில் வலது பக்கம் திரும்ப வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே, வளைவின் நடுவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வர வலது கையைக் கியருக்குக் கொண்டுபோனேன்.

அப்போதுதான் தெரிந்தது. மூத்தவளிடம் இடது கை கியருக்குப் போனால் வலது கை ஸ்டியரிங்கில் இருக்கும். இவளிடம் வலது கை கியருக்குப் போனால் ஸ்டியரிங்கில் மிச்சம் இருப்பது இடது கை மட்டும். நாற்பது வருடம் கியர் வெட்டியவன், தாளில் அளவோடு வரைந்தவன், கியரை மட்டுமே பார்த்திருக்கிறேன். மிச்சக் கை என்ன செய்யும் என்று ஒரு கோடுகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

இடது கை நழுவி மடியில் விழுந்தது. ஸ்டியரிங் தானாக நேராகி, வண்டி எதிர்ச் சுவரைப் பார்த்துப் போனது. சுவர் ஓரம் ஒரு சைக்கிள், அதைப் பிடித்துக்கொண்டு பால்காரர். கோதை இடது கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். நான் பிரேக்கை மிதித்தேன். சைக்கிளுக்கும் எங்களுக்கும் ஒரு சாண் இடைவெளி. பால்காரர் திட்டக்கூட இல்லை, வாயைத் திறந்தபடி நின்றார்.

என்ஜின் அணைந்துவிட்டது. என் இடது கை மடியில் உள்ளங்கை மேலாகக் கிடந்தது. மூன்று பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்னாலிருந்து அமலோர் பேசினார். "எனக்கு எடது கண்ணு போயிடுச்சு சார், அதான் விக்கறேன். கேக்க வந்த எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடல. நீங்க எதுக்கு வாங்கறீங்கன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

கோதை இறங்கிச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 22, திங்கள்

வீடு வந்து சேர்ந்தோம். கோதைதான் ஓட்டினாள். பெரம்பலூரில் சாப்பிட்டபோது என் சப்பாத்தியைத் துண்டு துண்டாகப் பிய்த்து வைத்தாள். அவ்வளவுதான்.

ஜூலை 23, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சேலத்தில் கார் இல்லாதது, ஊசி, மோட்டார் என்ற வார்த்தை, டாக்டர் சொன்னதில் நான் இந்த டைரியில்கூட எழுதாத பகுதி. மூன்று வருடம், நான்கு வருடம், சிலருக்குக் கூடுதல். கோதை சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

நான் முடித்த பிறகு, "டபரா எங்கன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?" என்றாள். பொங்கலுக்கு அடுத்த வாரம் நான் டபராவை நழுவ விட்டேனாம். அடுத்த நாளும் நழுவ விட்டேனாம். அன்றைக்கே எல்லா டபராவையும் எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டு, கோப்பை வாங்கி வந்திருக்கிறாள். அரைக்கைச் சட்டையாகவே எடுத்து வைத்தது, பைஜாமாவுக்கு எலாஸ்டிக் தைத்துக் கொடுத்தது, மாருதிச் சாவியைத் தானே எடுத்துக்கொண்டது எல்லாம் அவள்தான். நான் சாமர்த்தியமாக மறைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் எனக்கு மறைக்க இடம் விட்டுக்கொண்டே வந்திருக்கிறாள்.

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நீங்களா சொல்லோணும்னு இருந்தேனுங்க. நாங் கேட்டா ஒண்ணுமில்லைம்பீங்க. அப்பறம் அந்த ஒண்ணுமில்லையக் காப்பாத்தறதுக்கே உங்களுக்கு நேரம் சரியாப் போயிரும்."

வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில், விட்டுப்போன ஒன்றையும் சொல்லிவிடலாம் என்று, வீட்டில் யாருமில்லை என்று டாக்டரிடம் சொன்னதைச் சொன்னேன். நோயைக் கேட்டபோது அசையாமல் உட்கார்ந்திருந்தவள், அதற்கு மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள். மதியம் வரை அழுதாள். நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 24, புதன்

அமலோருக்குப் போன் செய்து காரவெல் வேண்டாம் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். நல்லது சார் என்றார். பிறகு அம்மாவை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

ஜூலை 28, ஞாயிறு

காலை ஆறு மணிக்குக் கோதை எம்.ஜி. சாவியோடு வந்து நின்றாள். மூத்தவளை எடுக்கலாம் என்றாள். எப்படி என்று கேட்டேன், கொஞ்சம் எரிச்சலாகவே.

"நா ஓட்டறேன்னு கேட்டா நீங்க குடுக்க மாட்டீங்க. இருவது வருசமா கேக்கோணும்னு நெனச்சுட்டுத்தான் இருக்கறேன். அதனால கியரை மட்டுங் குடுங்க."

அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது. மாருதியைப் பத்து வருடமாக ஓட்டுகிறவள். மூத்தவளின் வலது பக்க இருக்கையில் ஒரு தடவைகூட அவளை உட்காரச் சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

பட்டறையின் பின்பக்கத்து மைதானத்துக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது. பாய் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஓரமாகப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். ஸ்டியரிங்கில் என் வலது கை. கிளட்சில் என் இடது கால். நடுவில் கியர் தண்டு, அதன் மேல் கோதையின் வலது கை. இத்தனை வருடமாக அந்தத் தண்டிலிருந்து ஒரு முழ தூரத்தில்தான் அந்தக் கை இருந்திருக்கிறது.

ஒன்று என்றேன். போட்டாள். கிளட்சை விட்டேன், வண்டி முயல் மாதிரி குதித்து அணைந்துபோனது. பாய் தலையைக் குனிந்துகொண்டார், சிரித்திருப்பார். ஏழெட்டுத் தடவை அப்படியே. ஒருமுறை நான் கிளட்சை மிதிப்பதற்குள் அவள் இழுத்துவிட்டாள், பல்லும் பல்லும் உரசுகிற சத்தம். என் கையால் வெட்டிய பல். திட்ட வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். ஒன்பதாவது தடவை இரண்டு விழுந்தது. மூன்று விழுந்தது. மைதானத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினோம்.

இனிமேல் என்ன விதி என்று அவளே சொன்னாள். தனியாகச் சாவியைத் தொடக்கூடாது. கூட்டம் இருக்கும் ரோட்டுக்குப் போகக்கூடாது. அவள் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கோதையைப் பார்த்து, நீங்கள் யார், வீட்டில் யாருமில்லை என்று சொன்னாரே என்றாள். "நாந்தானுங்க அந்த யாருமில்லை" என்று கோதை சொன்னாள். டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இப்போது நான் எண் சொல்வதில்லை. என்ஜின் சத்தத்தைக் கேட்டு அவள் கை தயாராகிவிடுகிறது, என் காலைப் பார்த்துப் போடுகிறாள். இன்று நாற்பது நிமிடத்தில் ஒரு உரசல்கூட இல்லை. நான் தனியாக ஓட்டிய நாட்களில்கூட அப்படி இருந்ததில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மழை. வண்டியை எடுக்கவில்லை. ஊறுகாய்ப் பாட்டிலைத் திறக்க முடியவில்லை, கோதையைக் கூப்பிட்டேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

குன்னூர் ஓட்டம்.

விடிந்ததும் ரோட்டில் லாரி வருவதற்குள் புறப்பட்டோம், பதினெட்டு வண்டிகளில் கடைசியாக. மேட்டுப்பாளையம் வரை நான் ஸ்டியரிங், அவள் கியர். காரமடையில் ஒரு டீக்கடைக்காரர் எங்கள் கைகளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைத் தட்டிக் காட்டினார்.

கல்லாறில், பாக்குத் தோப்பைத் தாண்டி, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கால் இதுவரை என்னை ஏமாற்றவில்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவில் அது ஒரே ஒரு தடவை ஏமாற்றினால் போதும், பக்கத்தில் இருப்பது கோதை. புதுச்சேரிச் சுவர் ஞாபகம் வந்தது. அவள் நிறுத்து என்று சொல்லவில்லை. நானாகத்தான் நிறுத்தினேன்.

இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"அந்தப் பக்கம் போம்மா."

"கியரு மட்டும் போதும்னு சொன்னேனுங்க."

"தெரியும். நீ ஓட்டு. நான் வளைவு சொல்றேன்."

இறங்கினாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வலது பக்கம் போய் ஏறினாள். இருக்கையை முன்னால் தள்ளத் தெரியவில்லை, சொல்லிக் கொடுத்தேன். வழிக் குறிப்பு என் மடிக்கு வந்தது. அந்தத் தாளை நான் இதுவரை படித்ததே இல்லை, எப்போதும் அவள் குரலில்தான் கேட்டிருக்கிறேன். அவளுடைய பென்சில் குறிப்புகள் ஓரமெல்லாம் இருந்தன. 'இங்கு அவசரப்படுவார்.' 'இங்கு பேச்சுக் கொடுக்கக் கூடாது.' 'இங்கு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.' மூன்றாவதைத் திரும்பத் திரும்பப் படித்ததில் அடுத்த வளைவைச் சொல்ல விட்டுவிட்டேன். அவளாகவே திருப்பிக்கொண்டாள்.

நன்றாக ஓட்டினாள். என்னைவிட மெதுவாக, என்னைவிட நன்றாக. இடது பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

குன்னூரில் கிளப்காரர்கள் சூழ்ந்துகொண்டு, புது வண்டியில் வருவதாகச் சொன்னீர்களே, எங்கே என்றார்கள். வண்டி பழசுதான், டிரைவர் புதுசு என்றேன். கோதை கூரைத் துணியின் கொக்கியைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் இடது தொடையில் பல்லி ஓடியது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. கோதை காபி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன்.